மறுபடி ஓட்டுவது வைத்தியம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தானாக இயங்கும் மென்பொருள் பில்ட் முறைகளைப் பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். டெவலப்பர் தன் நிரலைக் கமிட் செய்து (பதிந்து) புஷ் செய்ததும் (சர்வருக்கு அனுப்பியதும்), சர்வர் அதைத் தானே எடுத்துத் தொகுத்து, சோதித்து, வெளியீட்டுக்குத் தயாராக்குவதை எளிமையாக விளக்கியிருந்தார் கட்டுரையாளர். அதுவரை சந்தோஷம். ஆனால் பில்ட் தோற்றால் என்ன செய்வது என்ற இடம் வந்ததும், பெரும்பாலும் மறுபடி ஓட்டினாலே சரியாகிவிடும் என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். பில்ட் வேலையையே பிழைப்பாகக் கொண்ட என்னால் அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. சிவிஎஸ் காலத்தில் இந்த வேலைக்கு வந்தேன். அப்புறம் சப்வெர்ஷன், இப்போது கிட்; மூன்றுமே நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவிகள். கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. தோற்றதும் மறுபடி ஓட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

மறுபடி ஓட்டினால் சில சமயம் பில்ட் தேறிவிடும் என்பது உண்மைதான். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. பச்சை விளக்கு எரிந்ததும் எல்லோரும் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். தோற்றதற்கான காரணம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். போதாததற்கு, பல இடங்களில் மறு ஓட்டம் பழைய வேலைக் கோப்புறையைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்கும். பாதியில் உருவான கோப்புகள், இடையில் எழுதிய தற்காலிக லாகுகள் (ஓட்டப் பதிவுகள்) எல்லாம் அதோடு போயிற்று. திருடு போன வீட்டை, போலீஸ் வருவதற்குள் பெருக்கித் துடைத்து வைக்கிற வேலை இது.

“என் மிஷினில் ஓடுகிறதே” என்று யாராவது சொல்லாமல் எனக்கு ஒரு வாரம் கழிந்ததில்லை. அவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் மிஷினில் நிஜமாகவே ஓடுகிறது, ஏனென்றால் அங்கே இருக்கும் ஏதோ ஒன்று ரெப்போவில் (நிரலைக் கிட் வைத்திருக்கும் களஞ்சியத்தில்) இல்லை. அதைத் தேடிப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. எப்போதோ உருவான கான்ஃபிக் (அமைப்பு) கோப்பு ஒன்று, கிட் கண்டுகொள்ள வேண்டாத கோப்புகளின் கிட்-இக்னோர் பட்டியலில் இருப்பதால் கமிட் ஆகாமலே ஒருவர் கணினியில் மட்டும் வாழ்ந்துகொண்டிருக்கும். சர்வருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. விண்டோஸும் மேக்ஓஎஸும் கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வழக்கமாக ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் சர்வரில் அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். பெயரின் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கியவருக்கு அங்கே எல்லாம் சுகம், இங்கே கோப்பைக் காணோம்.

வரி முடிவுக் குறி இன்னொரு தொல்லை. விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பில்) ஒவ்வொரு வரிக் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் குறி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். முதல் வரியில், தன்னை ஓட்டவேண்டிய நிரல் 'பாஷ்' என்று எழுதியிருப்பதை லினக்ஸ் அந்தக் குறியோடு சேர்த்துப் படித்து, அப்படி ஒரு நிரலே இல்லை என்று கைவிரித்துவிடும். லாகில் நிரலின் பெயருக்குப் பின்னால் ஒரு கூரைக் குறியும் 'எம்' எழுத்தும் தெரிந்தால் அதுதான் விஷயம். ரெப்போவில் உள்ள கிட்-அட்ரிபியூட்ஸ் கோப்பில், ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு வரி முடிவு 'எல்எஃப்' (லினக்ஸின் குறி) என்று ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்தது. இதை ஒவ்வொருவர் கணினியின் செட்டிங்கை நம்பி விடக்கூடாது என்பது என் கட்சி. புதிதாகச் சேர்பவர் செட்டிங்கை யார் போய்ப் பார்ப்பது?

இன்னொன்று: விண்டோஸில் உருவாக்கிய ஸ்கிரிப்ட் பொதுவாகக் கிட்டில் 100644 (ஓட்டும் அனுமதி இல்லாத கோப்பு) என்று பதிவாகும். சர்வரில் அதை நேரடியாக ஓட்டவேண்டுமானால் 100755 (ஓட்டும் அனுமதி உள்ளது) என்று இருக்க வேண்டும். கட்டளை முடியும்போது விட்டுச்செல்லும் எண்ணான எக்ஸிட் கோடு 126 வந்தால் பெரும்பாலும் அனுமதிச் சிக்கல், 127 வந்தால் கட்டளையே கிடைக்கவில்லை. இந்த இரண்டு எண்களைத் தெரிந்து வைத்திருப்பவர் எனக்கு ஃபோன் செய்வது பாதியாகக் குறைந்துவிடும்.

கிட்டும் பில்ட் சர்வரும் கைகோக்கும் இடத்தில் வரும் கோளாறுகள் இவற்றைவிடச் சுவாரசியமானவை. வேகத்துக்காகப் பல சர்வர்கள் ரெப்போவின் முழு வரலாற்றையும் எடுப்பதில்லை. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்-அவுட் (கிட்ஹப் தளத்தின் பில்ட் சேவையில் ரெப்போவை எடுக்கும் படி), நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், ஒரே ஒரு கமிட்டைத்தான் கொண்டுவரும். தொகுப்பதற்கு அது போதும். ஆனால் பதிப்பு எண்ணை ஸ்கிரிப்ட் 'கிட் டிஸ்க்ரைப்' கட்டளையால் எடுக்கிறது என்றால், அந்தக் கட்டளை வரலாற்றில் பின்னோக்கி நடந்து கடைசி டேகைத் (கமிட்டுக்கு இட்ட பெயர்ச்சீட்டைத்) தேடும். நடக்க வரலாறும் இல்லை, தேட டேகும் இல்லை. அங்கேயே தோற்று நின்றால் நல்லது. நான் பார்த்த ஒரு ஸ்கிரிப்ட் அந்த எர்ரரை விழுங்கிவிட்டு, காலியான பதிப்பு எண்ணோடு தொகுப்பைக் கட்டி, வெற்றி என்று அறிவித்துக்கொண்டிருந்தது. அந்த அணியினரும் மறுபடி மறுபடி ஓட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் வெற்றிதான், பெயரில் எண் இல்லாத தொகுப்போடு. செக்-அவுட் ஆழத்தை 0 என்று கொடுத்து முழு வரலாற்றையும் டேகுகளையும் எடுக்கச் சொன்னதும் எண் வந்துவிட்டது.

பிராஞ்ச் (நிரலின் கிளை) பெயரும் இப்படித்தான் ஏமாற்றும். பில்ட் சர்வர் பெரும்பாலும் பிராஞ்சில் நிற்பதில்லை, குறிப்பிட்ட ஒரு கமிட்டில் போய் நிற்கும். அந்த நிலையில் கிட்டிடம் பிராஞ்ச் பெயரைக் கேட்டால் 'ஹெட்' என்றுதான் பதில் வரும். 'மெயின்' (முதன்மைக் கிளை) என்று வந்தால் மட்டும் வெளியிடு என்று எழுதிய ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் முடிந்துபோகும். பெயரை சர்வர் தரும் சூழல் மாறியிலிருந்து (ஓடும் நிரலுக்குக் கூடவே கிடைக்கும் பெயரிட்ட மதிப்பிலிருந்து) எடுத்துக்கொள்வதே சரி.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு ஹூக்கில் (ஏதாவது நடந்ததும் கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்டில்) வருவது. கோளாறில் பிடித்தது, பிடிக்காதது வேறா என்று கேட்பீர்கள்; இந்தத் தொழிலில் இருந்தால் அப்படி ஆகிவிடும். ரெப்போவுக்கு யாராவது புஷ் செய்ததும் 'போஸ்ட்-ரிசீவ்' ஹூக் ஓட வேண்டும், அது இன்னொரு கோப்புறைக்குப் போய் 'கிட் புல்' செய்து (புது மாற்றங்களை இழுத்து) பில்டைத் தொடங்க வேண்டும். கையால் ஓட்டினால் கச்சிதமாக ஓடும். ஹூக் வழியாக ஓடினால், இது கிட் ரெப்போவே இல்லை என்று நின்றுவிடும். அனுமதியை மாற்றுவார்கள், பாதையை மாற்றுவார்கள், சர்வரையே மாற்றிவிடலாம் என்று கிளம்பியவர்களும் உண்டு. நடப்பது இதுதான். இந்த ஹூக்கை ஓட்டும்போது கிட், 'கிட்_டிர்' என்ற சூழல் மாறியில் தன் ரெப்போ எங்கே இருக்கிறது என்பதை ஒற்றைப் புள்ளியாக எழுதி வைக்கிறது. புள்ளி என்றால் இப்போது நிற்கும் கோப்புறை. ஸ்கிரிப்ட் வேறு கோப்புறைக்கு நகர்ந்ததும் புள்ளியின் பொருளும் கூடவே நகர்ந்துவிடும். புது இடத்திலும் ரெப்போ இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உள்ளே மறைந்திருக்கும் கிட் கோப்புறைக்குள் இருக்கிறது, கிட் அங்கே எட்டிப் பார்க்காது. அந்த மாறியை அன்செட் செய்ய (நீக்க) ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. இதை எத்தனை முறை ஓட்டினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஹூக்கின் தொடக்கத்தில் சூழல் மாறிகள் அனைத்தையும் லாகில் கொட்டச் சொன்னால் கண்ணெதிரே தெரியும். கையால் ஓடுகிறது, தானாக ஓடவில்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இரண்டு சூழல்களின் மாறிப் பட்டியலையும்தான்.

சிவப்பு விளக்கைவிட எனக்குப் பயம் பொய்ப் பச்சை. பில்ட் செய்யும் கருவியான மேக் கட்டளையின் வெளியீட்டை 'டீ' (வருவதைத் திரையிலும் கோப்பிலும் எழுதும் கட்டளை) வழியாக லாகில் சேமிக்கும் வரி எத்தனையோ ஸ்கிரிப்டுகளில் இருக்கிறது. பைப்பில் (ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் கட்டளைத் தொடரில்) கடைசியாக நிற்கும் கட்டளையின் எக்ஸிட் கோடைத்தான் ஷெல் கணக்கில் எடுக்கும். லாக் எழுதுகிற டீ தோற்பது அபூர்வம். அதனால் தொகுப்பு நொறுங்கிக் கிடந்தாலும் பில்ட் வெற்றி! பாஷ் ஸ்கிரிப்டின் தலையில் 'செட் -ஓ பைப்ஃபெயில்' (தொடரில் எது தோற்றாலும் தோல்வியாக எடு) என்று எழுதாதவர்கள் இன்று மாலையே எழுதிவிடுங்கள்.

உங்கள் பக்கத்தில் எதுவுமே மாறாமல் பில்ட் உடைவதும் உண்டு, அப்போது வெளியுலகத்தைப் பார்க்க வேண்டும். 2016 மார்ச்சில், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைப் பகிரும் என்பிஎம் தளத்திலிருந்து 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி நிரலை அதை எழுதியவர் நீக்கியதும், அதை நேரடியாகப் பயன்படுத்தாதவர்களின் பில்டுகள்கூட உலகம் முழுக்க விழுந்தன. 2022 மார்ச்சில் கிட்ஹப், பாதுகாப்பற்ற பழைய கிட் நெறிமுறையை நிறுத்தியபோது, முகவரியைப் பழைய முறையில் எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்டுகள் நின்றன. அடுத்த மாதம் வந்த கிட் 2.35.2, ரெப்போ கோப்புறை வேறொரு பயனருக்குச் சொந்தமாக இருந்தால் வேலை செய்ய மறுத்தது. கன்டெய்னருக்குள் (தனியாக அடைத்த சூழலுக்குள்) பில்ட் செய்பவர்கள் பலருக்குத் தலைவலி. அது பாதுகாப்புக்காக வந்த திருத்தம், அதில் எனக்குப் புகார் இல்லை. 2023 ஜனவரி 30 அன்று கிட்ஹப் தானாக உருவாக்கித் தரும் மூலத் தொகுப்புகளின் சுருக்கும் முறை மாறியது. உள்ளே இருக்கும் கோப்புகள் அச்சு அசலாக அவையேதான், ஆனால் தொகுப்பின் செக்சம் (கோப்பு மாறாததைச் சரிபார்க்கும் எண்) வேறாகிவிட்டது. செக்சத்தை ஒப்பிட்டுப் பார்த்த பில்டுகளெல்லாம் நின்றன, மாற்றத்தை கிட்ஹப் திரும்பப் பெறவேண்டி வந்தது. இந்த மாதிரி நாளில் பொத்தானை அழுத்துபவருக்கு எதுவும் புரியாது. எர்ரரின் முதல் வரியைப் படித்தவருக்குச் சட்டென்று புரிந்திருக்கும்.

ரெப்போவில் இருப்பது வேறு, பில்ட் ஆவது வேறு என்று நான் இவ்வளவு தூரம் சொல்வதற்கு எரிச்சலூட்டும் தோல்விகள் மட்டும் காரணமில்லை. 2024 மார்ச்சில் 'எக்ஸ்இஸட்' சுருக்கு மென்பொருளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) கண்டுபிடிக்கப்பட்டது நினைவிருக்கலாம். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதை ஏன் என்று விடாமல் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர்தான் அதைப் பிடித்தார். பின்கதவைத் திறந்துவிடும் ஸ்கிரிப்ட் கிட் ரெப்போவில் இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் நுழைக்கப்பட்டிருந்தது. ரெப்போவை மட்டும் படித்தவர்கள் கண்ணில் அது படவே வழியில்லை.

கட்டுரையாளருக்கு என் வேண்டுகோள், அடுத்த பகுதி எழுதினால் தோல்வியைப் படிக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுங்கள். லாகின் கடைசி வரியைப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம், அது பெரும்பாலும் வெறும் ஒப்பாரி. முதல் எர்ரர் மேலே எங்கேயோ இருக்கும். அதைக் கண்டதும், தோற்ற கமிட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, தன் கணினியிலேயே காலியான ஒரு கோப்புறையில் புதிதாகக் குளோன் செய்து (ரெப்போவைப் படியெடுத்து), அதே கமிட்டில் நின்று ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் தோற்றால், விடுபட்டது என்னவென்று தெரிய அதிக நேரம் ஆகாது. எப்போதிலிருந்து உடைந்தது என்று தெரியாவிட்டால் 'கிட் பைசெக்ட்' இருக்கிறது. நல்ல கமிட் ஒன்று, கெட்ட கமிட் ஒன்று காட்டினால் நடுவில் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும். இடையில் 1,000 கமிட் இருந்தாலும் சுமார் 10 சோதனையில் குற்றவாளி கையில். சோதனை ஸ்கிரிப்டைக் கொடுத்துவிட்டால் அதுவே ஓட்டிக்கொள்ளும்; தொகுக்கவே முடியாத கமிட் குறுக்கே வந்தால் ஸ்கிரிப்ட் 125 என்ற கோடோடு வெளியேறினால் போதும், அதைத் தாண்டிப் போகும். இவ்வளவு நல்ல கருவி கையில் இருந்தும், கிட்டை வருடக்கணக்காகப் பயன்படுத்தும் பலர் இதை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை என்பது எனக்கு இன்னும் புதிர்தான்.

கடைசியாக, கட்டுரையில் ஒரு சின்னத் திருத்தம். மேக் என்ற கருவி லினக்ஸோடு வந்தது என்று எழுதியிருக்கிறார். லினக்ஸ் வந்தது 1991-இல். மேக் 1976-இலேயே பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. மேக்ஃபைலில் (மேக்குக்கான விதிகளை எழுதும் கோப்பில்) கட்டளை வரி டேப் குறியோடுதான் தொடங்கவேண்டும் என்ற விதியும் அப்போது வந்ததுதான். அதை மாற்ற நினைப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், அவர்களைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் விட்டுவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் அடித்த மேக்ஃபைல் ஒன்று, 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்ற எர்ரரோடு, நான் இதை எழுதும்போதும் என் திரையில் நிற்கிறது. அனுப்பியவர் ஏற்கெனவே மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டாராம்.

இப்படிக்கு,
பில்ட் பொறியாளராக வேலை பார்க்கும் உங்கள் வாசகி