இன்ஜின் வேலை பார்த்த காரை எப்படி ஓட்டுவது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?

வணக்கம்.

இது உங்கள் கார் கம்பெனிக்கு நான் எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில்தான் வந்தது, அதுவும் அனுப்பிய அடுத்த நிமிடமே. யாரும் படிக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. இதையாவது ஒரு மனிதர் படிப்பார் என்று நம்பிக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி எது என்று ஜாப் கார்டைப் பார்த்தால் தெரியும். 2014 மாடல் பெட்ரோல், 1,46,000 கிலோமீட்டர் ஓடியது. கம்பம் போகும் வழியில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துச் சூடேறி நின்றுவிட்டது. உங்கள் மதுரை ஒர்க்‌ஷாப்பில்தான் இன்ஜினை இறக்கினீர்கள். சிலிண்டரைப் போரிங் செய்து 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங் செட் (பிஸ்டனைச் சுற்றி மாட்டும் வளையங்கள்), மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங், ஹெட் ஸ்கிம்மிங், வால்வு சீல் என்று மொத்தம் 1,12,400 ரூபாய் பில் போட்டீர்கள். 18 நாளில் தருவதாகச் சொன்ன வண்டி 51 நாள் கழித்து வந்தது. அதைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. (பேச வேண்டியதுதான், ஆனால் அதற்குத் தனிக் கடிதம் வேண்டும்.)

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். லட்ச ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு இன்ஜின் வேலை பார்த்துக் கொடுக்கிறீர்கள். அதை முதல் ஆயிரம் கிலோமீட்டர் எப்படி ஓட்ட வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளிலாவது எழுதித் தர உங்களுக்கு என்ன கஷ்டம்? புதுக் கார் வாங்கினால் அதற்கென்று கையேட்டில் ஒரு பக்கமே போட்டிருக்கிறீர்களே. ஒரே வேகத்தில் வெகுநேரம் ஓட்டாதே, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்காதே என்றெல்லாம். இன்ஜினுக்குள் எல்லாமே புதுசு என்றால் அதே கதைதானே?

டெலிவரி அன்று நானே வாய்விட்டுக் கேட்டேன். அட்வைசர் சொன்னார்: "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாற்பதைத் தாண்டாதீங்க சார், டாப் கியர்லயே உருட்டிட்டுப் போங்க." சந்தேகத்தில் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் அந்தப் பெண், "எங்க சிஸ்டத்துல அப்படி எதுவும் இல்ல சார், நார்மலா ஓட்டலாம்" என்றார். மறுபடி ஒர்க்‌ஷாப்புக்கே போன் போட்டபோது சூப்பர்வைசர் எடுத்தார். "தினமும் காலைல அரை மணி நேரம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தியே வைங்க, தானா செட் ஆயிடும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகிறது என்று நம்பி, அட்வைசர் சொன்னதையும் சூப்பர்வைசர் சொன்னதையும் சேர்த்தே கடைப்பிடித்தேன். விடியற்காலையில் அரை மணி நேரம் வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும். எதிர்வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்துவார். அப்புறம் டாப் கியரில் நாற்பது. தேனி மதுரை ரோட்டில் மினி பஸ்காரன் என்னை ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தான், செங்கல் லோடு டிராக்டர் ஒன்று முந்திக்கொண்டு போனது, என் மகள் சீட்டில் சரிந்து முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

820 கிலோமீட்டரில் ஒன்றேகால் லிட்டர் ஆயில் குடித்திருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. வேலை பார்ப்பதற்கு முன்னால்கூட இந்த வண்டி புகை விட்டதில்லை.

இப்போது உங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் எழுதியே கொடுத்திருக்கிறார், தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது: "வாகனம் மிகக் குறைந்த வேகத்தில் இயக்கப்பட்டதால் ரிங் அமரவில்லை, வாரண்டி பொருந்தாது." சார், நாற்பதில் ஓட்டச் சொன்னது யார்? உங்கள் சட்டை போட்ட, உங்கள் பேட்ஜ் குத்திய ஆள்தானே?

இந்த இடத்தில் அந்த ரிசப்ஷன் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. புகை விடுகிறது என்று வண்டியைக் கொண்டுவந்த அன்று, செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, சூயிங்கம் மென்றுகொண்டு, "சார், ஓட்டத் தெரியாதவங்க கையில எந்த இன்ஜினும் தாங்காது" என்றார். பக்கத்தில் என் மகள் நிற்கிறாள். நான் 1996லிருந்து கார் ஓட்டுகிறேன். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் மழையிலும் பனியிலும் எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை. அந்தத் தம்பி பிறப்பதற்கு முன்பே கிளட்ச் மிதித்தவன் நான். போகட்டும், சின்னப் பையன். ஆனால் ஒன்று, அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்காமல் நான் இதை விடப் போவதில்லை.

எங்கள் ஊரில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார், சின்னக் கடைதான். அவர் கம்ப்ரெஷன் பார்த்தார், அதாவது சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று. வெறுமனே பார்த்தால் 130 பிஎஸ்ஐ, பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தால் 175. வால்வில் கோளாறு என்றால் ஆயில் விட்டாலும் ஏறாது, ரிங்கில்தான் கசிகிறது என்றார். அதற்கு அவர் சொன்ன விளக்கம் உங்கள் ஆட்கள் அத்தனை பேரும் கேட்டிருக்க வேண்டியது.

ஹோனிங் செய்த, அதாவது கல்லால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இருக்கும். "அம்மி கொத்துன மாதிரின்னு வெச்சுக்கங்க" என்றார். புது ரிங் அந்தச் சொரசொரப்பில் உரசித்தான் தனக்கு இடம் பிடிக்கும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டும் இல்லை, எரியும் வாயுவின் அழுத்தமும் ரிங்கின் பின்பக்கம் போய்த் தள்ள வேண்டும். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் அந்த அழுத்தம் எங்கிருந்து வரும்? ரிங் சும்மா தடவிக்கொண்டே இருக்கும், ஆயில் சுவரில் கருகிப் படிந்து கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். அப்புறம் நீங்கள் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் ரிங் உட்காராது. டாப் கியரில் நாற்பதில் இழுப்பதும் தப்பு, இன்ஜின் திணறும், புது பேரிங்குக்கு அது நல்லதில்லை.

சரி, எப்படித்தான் ஓட்டியிருக்க வேண்டும்? ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் கிளம்பிவிட வேண்டும். சூடேறிய பிறகு இரண்டாவது, மூன்றாவது கியரில் நன்றாக மிதித்து 3,000, 3,500 ஆர்பிஎம் வரை ஏற்றி, காலை எடுத்துவிட்டு கியரிலேயே தானாக இறங்க விட வேண்டும், திரும்ப ஏற்ற வேண்டும். அப்படி இறங்கும்போது ஆயில் மேலே ஏறி உரசிய பொடியையும் கழுவிக்கொண்டு போகுமாம். ரெட் லைன் வரை முறுக்கக் கூடாது, நாலுவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கக் கூடாது, ஆளும் மூட்டையும் ஏற்றக் கூடாது. "ஆண்டிபட்டிக் கணவாயில நாலு தடவை ஏத்தி இறக்கியிருந்தா ரிங் உட்கார்ந்திருக்குமே அண்ணே" என்றார். அந்தக் கணவாய் வழியாகத்தான் உங்களிடம் வந்து வந்து போனேன். நாற்பதில்.

பில்லைப் பார்த்துவிட்டு அவர் இன்னொன்றும் கேட்டார்: ஃபுல்லி சிந்தெடிக் ஆயிலா ஊற்றியிருக்கிறார்கள்? ரிங் உட்காரும் வரை சாதா மினரல் ஆயில்தான் அவர் ஊற்றுவாராம். இதில் ஆளாளுக்கு ஒரு கருத்து உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் ஆயிலையும் ஃபில்டரையும் சீக்கிரம் மாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. அம்மி கொத்தினால் முதலில் அரைப்பதை யாராவது குழம்பில் போடுவார்களா? கல் பொடி இருக்கும், வழித்து வெளியேதானே போடுவார்கள்? இங்கே இரும்புப் பொடி.

அந்த ஆயில் மாற்றும் லட்சணத்தையும் கேளுங்கள். 500 கிலோமீட்டரில் வர வேண்டும், தாண்டினால் வாரண்டி கிடையாது என்று உங்கள் அட்வைசரே போன் செய்து தேதி கொடுத்தார். அன்று சின்னமனூரில் என் தங்கை மகனுக்குக் காதுகுத்து. வேறு தேதி கேட்டேன். "விட்டா பதினஞ்சு நாள் ஆகும் சார், நீங்க எட்டு மணிக்கு வாங்க, பத்து மணிக்கு நான் வெளிய அனுப்பிடறேன்" என்றார். நல்ல நேரம் மதியம் ஒரு மணி வரை இருந்தது, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்தரை மணிக்குத் தேனியில் கிளம்பி, அதே நாற்பதில் 75 கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு வந்து, செக்யூரிட்டியிடம் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். பத்து ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. போன் செய்த அட்வைசர் அன்று லீவாம். 1.40க்கு ஒருவர் வந்து சொல்கிறார்: "ஆயில் ஃபில்டர் ஸ்டாக் இல்ல சார், அடுத்த வாரம் வாங்க."

ஆயில் ஃபில்டர்! தேனி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் எந்த ஸ்பேர்ஸ் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற சாமான்!

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் எங்களில் காது குத்துவோம். அந்த மடி நான். பெரியப்பா மகன் மடியில் உட்காரவைத்துக் குத்தி முடித்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் தங்கை இன்று வரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. காலம் முழுக்க ஆல்பத்தில் வேறு ஆள் மடியில்தான் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும். இதற்கு என்ன விலை போடுவீர்கள்? உங்கள் மொத்த ஒர்க்‌ஷாப்பையும் விற்றாலும் காணாது.

அடுத்த வாரம் மறுபடி வந்து ஆயில் மாற்றியதற்கு 4,150 ரூபாய் வாங்கிக்கொண்டீர்கள், அதிலும் ஒரு பைசா குறைக்கவில்லை. இதுவரை ஏழு முறை மதுரைக்கு வந்திருக்கிறேன். பெட்ரோல், பஸ், வேலைக்குப் போகாத நாள், வாடகைக் கார், மூன்று கிலோ குறைந்த என் உடம்பு எல்லாம் சேர்த்தால் நாலு லட்சத்துக்குக் குறையாது.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. பத்து வருடம் உங்களிடம்தான் சர்வீஸ் விட்டேன், இரண்டு மச்சான்களுக்கும் உங்கள் காரையே வாங்கச் சொன்னவன் நான். அதனால் தயவுசெய்து கேட்கிறேன். இன்ஜினை மறுபடி பிரித்து, ஹோனிங் போட்டு, புது ரிங் செட் மாட்டிக் கொடுங்கள், லேபர் உட்பட உங்கள் செலவில். எப்படி ஓட்ட வேண்டும் என்பதை லெட்டர் பேடில் எழுதி, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வாரண்டி முதல் நாளிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். அந்த 4,150 ரூபாயும் திரும்ப வேண்டும்.

15 நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் இல்லை என்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் அடிப்பேன், அப்புறம் நேராக மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இனி மதுரைக்கு நான் அலைய வேண்டியதில்லை, உங்கள் வக்கீல்தான் இங்கே வர வேண்டும். அவர் வருகிற வண்டி எத்தனையில் போக வேண்டும் என்று உங்கள் அட்வைசரிடம் கேட்டு அனுப்புங்கள்.

வண்டி வாசலில் நிற்கிறது. எடுத்துப் போக டோயிங் வண்டி அனுப்புங்கள், நான் ஓட்டிக்கொண்டு வர மாட்டேன். நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன், நன்றி.

பி.கு.: இன்ஜின் வேலைக்கு விட்டபோது டிக்கியில் இருந்த ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் திரும்பி வரவில்லை. டோயிங் வண்டியில் அதையும் போட்டு அனுப்பவும்.