அண்டர்கோட் டின்னை அடுப்பில் ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கேமரன் மலையில் ஓடும் லேண்ட் ரோவருக்கும் காய்கறி லோரிக்கும் அண்டர்கோட், அதாவது வண்டியின் அடிப்பாகம் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் பூச்சு, அடிக்காமல் தீராது. கோழி எருவும் உர மூட்டையும் ஏற்றி இறக்கும் வண்டிகள். போதாக்குறைக்கு மழையும் சேறும். உரத்தில் உள்ள பொட்டாசியம் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரிப்பதில் கடல் உப்புக்குச் சளைத்ததில்லை. பழைய லேண்ட் ரோவரின் மேல்கூடு பெரும்பாலும் அலுமினியம் என்பதால் வெளியே துரு தெரியாது. சேசிஸோ இரும்புப் பெட்டிச் சட்டம். அது உள்ளிருந்தே கரையும்.

சிக்கல், டின்னை ஈப்போவிலோ தாப்பாவிலோ வாங்கி மேலே கொண்டுவந்த பிறகு தொடங்குகிறது. கீழே 30 டிகிரிக்கு மேல் உள்ள வெயிலில் சீராகப் பாய்ந்த அதே சரக்கு, ரிங்லெட்டிலும் பிரிஞ்சாங்கிலும் காலை 16, 17 டிகிரியில் களிபோல் இறுகிவிடுகிறது. ஸ்பிரே கன் திக்கித் திக்கித் துப்பும். சில நேரம் நூல்நூலாக இழுத்துக்கொண்டு விழும். உடனே கம்ப்ரசர் அழுத்தத்தை ஏற்றுகிறார்கள், பெட்ரோல் கலக்கிறார்கள், அல்லது டின்னைக் கேஸ் அடுப்பில் வைக்கிறார்கள். மூன்றும் தவறு. மூன்றாவது உயிருக்கே ஆபத்து என்பதால் அதிலிருந்து தொடங்குகிறோம்.

தார் அல்லது ரப்பர் கலந்த அண்டர்கோட்டில் பெரும்பாலும் ஒயிட் ஸ்பிரிட், சைலீன் போன்ற கரைப்பான் இருக்கும். ஒயிட் ஸ்பிரிட் ஏறத்தாழ 40 டிகிரிக்குச் சூடானால், ஒரு தீப்பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும். சைலீனுக்கு 30 டிகிரியே அதிகம். டொலுவீன் கலந்த தின்னருக்கோ 4 டிகிரி போதும். மலைக்குளிரிலும் அது எப்போதும் தயாராகவே நிற்கும். அடுப்பில் வைத்த டின்னின் அடிப்பகுதி நொடியில் 100 டிகிரியைத் தாண்டும். மேலே உள்ள சரக்கு இன்னும் இறுகிக் கிடக்கும். கெட்டியான பொருளில் சூடு மெதுவாகத்தான் பரவும் என்பதால், அடியில் கொதித்த கரைப்பான் வெளியேற வழியின்றி மேல் அடுக்கை உடைத்துக்கொண்டு தெறிக்கும். தெறிக்கும் இடத்திலேயே நெருப்பும் இருக்கிறது.

தீப்பிடிக்காமல் தப்பினாலும் வேலை கெடும். ஆவியாகிப் போன கரைப்பான் திரும்ப வராது. சூடாக இருக்கும்வரை இளகியதுபோல் தெரியும் சரக்கு, ஆறியதும் முன்பைவிடக் கெட்டியாகிவிடும். மறுநாள் அதே டின்னுக்கு இன்னும் அதிகச் சூடு கேட்கும்.

சரியான வழி வெந்நீர். தண்ணீரை வேறிடத்தில், அதாவது பட்டறைக்கு வெளியே அல்லது வீட்டுச் சமையலறையில் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, தண்ணீரை மட்டும் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். டின்னை அடுப்பங்கரைக்குக் கொண்டு போகாதீர்கள். ரிங்லெட் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 96 டிகிரியில் கொதிக்கும். குழாய்த் தண்ணீர் 19 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு கொதிநீருக்கு இரண்டு பங்கு குழாய்நீர் கலந்தால் 45 டிகிரிக்குச் சற்றே குறைவாக வரும். இந்த அளவு போதும். கையை விட்டால் சுடும், ஆனால் சில நொடி தாங்கலாம். இதற்கு மேல் வேண்டாம்.

ஒரு லிட்டர் சரக்குக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீர் கொள்ளும் பேசின் எடுங்கள். அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, அதன்மேல் டின்னை நிறுத்துங்கள். தண்ணீர் டின்னின் முக்கால் உயரம் வரை இருக்கட்டும். மூடி ஓரத்தைத் தொடக்கூடாது. சரக்குக்குள் நாலு சொட்டுத் தண்ணீர் போனாலும் நோசலில் வெடிப்பு வெடிப்பாகத் துப்பும். மூடியை ஒருமுறை திறந்து உள் அழுத்தத்தை விட்டுவிட்டு, இறுக்காமல் மேலே வைத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டையான மரக்குச்சியால் அடியிலிருந்து கிளறுங்கள். கனமான தூள் அடியில் படிந்திருக்கும். கிளறாவிட்டால் வெளிப்புறம் இளகி, நடுவில் கட்டி அப்படியே நிற்கும். இருபது முதல் முப்பது நிமிடத்தில் சரக்கு 30 டிகிரியைத் தொடும். 35 வந்ததும் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுங்கள். தீப்பற்றும் நிலை இதற்கும் கீழே என்று டின்னில் போட்டிருந்தால், அந்த எண்ணுக்குச் சில டிகிரி கீழேயே நிறுத்துங்கள். சமையலுக்குப் பயன்படும் குச்சித் தெர்மோமீட்டர் இதற்குப் போதும். தூரத்திலிருந்து காட்டி அளக்கும் கருவி மேல்பரப்பை மட்டும்தான் அளக்கும்; கிளறிவிட்டு அளந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

குச்சியைத் தூக்கிப் பாருங்கள். சரக்கு கட்டியாக அறுந்து விழுந்தால் இன்னும் நேரமாகவில்லை. தடித்த தாரையாக இறங்கி, மேல்பரப்பில் ஒரு கணம் வரி வரைந்து மறைந்தால் தயார். தண்ணீர்போல் ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது. அப்படி அடித்தால் செங்குத்தான பகுதியில் வழியும், ஓரங்களில் மெலியும். மேல்தோல் விரைவில் காய்ந்து உள்ளே கரைப்பான் சிக்கிக்கொள்வதால் சிறு சிறு கொப்புளமும் எழும்.

தண்ணீரில் கரையும் வகை அண்டர்கோட்டுக்குத் தீப்பயம் குறைவு. ஆனால் அதையும் 35 டிகிரிக்கு மேல் கொண்டுபோக வேண்டாம்; மேலே ஆடை படிந்து, அந்த ஆடை நோசலை அடைக்கும்.

ஸ்பிரே கேன் வாங்குபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 50 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று கேனிலேயே எழுதியிருக்கும். குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் உள்ள தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, நன்றாகக் குலுக்கினால் போதும். வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவைப்பதும் அடுப்பில் வைப்பதும் ஏறக்குறைய ஒரே காரியம்.

சூடாக்கிய சரக்கு கன்னுக்குள் போனதும் ஆறத் தொடங்கும். அண்டர்கோட் கன்னில் திருகும் ஒரு லிட்டர் புட்டிகளாக வாங்கினால் இதற்கு வழி உண்டு: ஒன்று கன்னில், இன்னொன்று வெந்நீரில் என்று மாற்றி மாற்றி அடிக்கலாம். சந்தையில் கிடைக்கும் போலிஃபோம் பெட்டிக்குள் பேசினை இறக்கினால் தண்ணீர் நீண்ட நேரம் சூடு தாங்கும். ஆனால் கரைப்பான் சிந்தினால் போலிஃபோம் கரைந்துவிடும், ஆகவே பிளாஸ்டிக் பேசின் இல்லாமல் டின்னை நேரடியாகப் பெட்டியில் வைக்காதீர்கள். கன்னையும் தொடங்கும் முன் கையில் பிடித்துப் பாருங்கள். உலோகம் ஐஸ் மாதிரி இருந்தால், முதல் புட்டியின் பாதி அதைச் சூடாக்கவே போய்விடும்.

அழுத்தம் 60 முதல் 75 பிஎஸ்ஐ. இதிலேயே சீராக வரவில்லையென்றால் சரக்கு இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று பொருள். 100க்கு ஏற்றினால் பாதி சரக்கு புகையாகக் காற்றில் போகும். தூரம் 20 முதல் 30 சென்டிமீட்டர். கம்ப்ரசர் தொட்டியில் தேங்கும் தண்ணீரை, அதிலும் மலையில், காலையில் ஒருமுறையும் வேலையின் நடுவே ஒருமுறையும் திறந்து விடுங்கள். ஒரு லிட்டர் சரக்கை அரை மில்லிமீட்டர் ஈரத் தடிமனில் அடித்தால் இரண்டு சதுர மீட்டர்தான் போகும். இந்தக் கணக்கை வைத்து வாங்குங்கள். சிறிய காருக்கு 4, 5 லிட்டர் பிடிக்கும். லேண்ட் ரோவருக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். ஒரே தடவையில் தடிப்பாக அடிப்பதைவிட, இடையே காயவிட்டு இரண்டு கோட் அடிப்பதே நிற்கும்.

தின்னர் கலக்கலாமா என்று கேட்பார்கள். டின்னில் அனுமதித்திருந்தால், அது சொல்லும் கரைப்பானை மட்டும், லிட்டருக்கு 50 மில்லிக்கு மேல் போகாமல் கலக்கலாம். சூடாக்கி இளக்கிய சரக்கு இரும்பில் பட்டதும் ஆறி நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். கலந்து இளக்கியது நீர்த்தே நிற்கும், படலமும் மெலியும். மண்ணெண்ணெய் கலந்தால் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும், தூசி முழுதும் அதில் ஒட்டும். பெட்ரோலைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. கலக்காதீர்கள், அவ்வளவுதான்.

சரக்கை எவ்வளவு பக்குவமாகச் சூடாக்கினாலும், அடிக்கிற இரும்பு ஈரமாக இருந்தால் எல்லாம் வீண். எங்கள் பார்வையில் மலையில் அடிக்கும் அண்டர்கோட் உரிவதற்கு முதல் காரணம் இதுதான். பெயிண்ட் அடிக்கும் தொழிலில் ஒரு விதி உண்டு: காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட இரும்பு குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும். காலையில் 17 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு என்றால், அந்தப் பனிநிலை 16 டிகிரி. இரும்பு 19க்கு மேல் இருக்க வேண்டும். இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியின் சேசிஸ் அப்படி இருக்காது. கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் அதன்மேல் இருக்கும். நண்பகலில் 23 டிகிரி, 70 விழுக்காடு ஆனால் பனிநிலை 17 சொச்சம். அப்போது 21 டிகிரியில் உள்ள இரும்பில் தாராளமாக அடிக்கலாம். ஆகவே காலை பதினொன்றுக்கு மேல், பிற்பகல் மழைக்கு முன். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறிய கருவி ஒன்று பட்டறைச் சுவரில் இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

வண்டியை முந்தின நாளே, முடிந்தால் இரண்டு நாள் முன்பே கழுவிவிடுங்கள். சேசிஸ் பெட்டிக்குள் நிற்கும் தண்ணீர் ஓர் இரவில் காயாது. வடிகால் துளை வழியே காற்றடித்து வெளியேற்றுங்கள். உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, வெறும் இரும்பு தெரியும் இடத்தில் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் அடித்த பிறகே அண்டர்கோட். துருவை மூடி அடித்தால் அது உள்ளேயே வேலை பார்க்கும். புஸ்பாகோம் வாகனப் பரிசோதனைக்கு முந்தின நாள் கருப்பாக அடித்து ஓட்டையை மறைக்கும் வேலையைச் செய்பவர்கள் அந்த வண்டியில் தங்கள் பிள்ளைகளை ஏற்றுவார்களா என்று தெரியவில்லை.

எக்ஸாஸ்ட், பிரேக் டிஸ்க், டிரம், ரப்பர் புஷ், கிரீஸ் நிப்பிள், புரப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டு, ஆக்ஸில் பிரீதர் ஆகியவற்றை மூடிக் கட்டுங்கள். லேண்ட் ரோவரில் கைப்பிரேக் டிரம் கியர்பெட்டிக்குப் பின்னால் இருப்பதை மறந்து அடித்துவிட்டு, மேட்டில் வண்டி நிற்கவில்லை என்று வருவார்கள். வடிகால் துளைகளை மரமுளையால் அடைத்து, அடித்து முடித்ததும் பிடுங்கிவிடுங்கள். பட்டறைக்கு ஓட்டி வந்த வண்டியின் எக்ஸாஸ்ட் கைவைத்துத் தொடும் அளவுக்கு ஆறும்வரை டின்னைத் திறக்க வேண்டாம். ஜாக்கியை நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள்.

சேசிஸ் பெட்டிக்குள் அடிக்கும் மெழுகு வகைக்குச் சூடு இன்னும் முக்கியம். நீண்ட மெல்லிய குழாய் வழியே போவதால் பாதி வழியிலேயே இறுகும். குழாயையும் சுருட்டி அதே வெந்நீரில் போடுங்கள், முனைகளை மட்டும் வெளியே விட்டு. 35 டிகிரியில் போன மெழுகு மடிப்புகளுக்குள் ஊர்ந்து நுழையும். 17 டிகிரியில் போனது விழுந்த இடத்தில் கட்டியாகக் கிடக்கும். குழாயைக் கடைசி முனைவரை விட்டு, இழுத்துக்கொண்டே அடியுங்கள்.

குளிருக்காகப் பட்டறைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு அடிக்கும் பழக்கத்தை விட வேண்டும். கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையில் படர்ந்து, குழியில் தேங்கும். குழிக்குள் நின்று அடிப்பவர் மயங்கினால் மேலே இருப்பவருக்குத் தெரியாது. துணி மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். சிகரெட், வெல்டிங், கிரைண்டர் எல்லாம் நிறுத்தப்பட வேண்டும் என்பது தெரிந்ததுதான். சாமி படத்துக்கு முன் காலையில் ஏற்றிய விளக்கை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டின்னைத் திறக்கும் முன் அதைக் குளிர வைத்துவிடுங்கள். தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தூரத்தில், கதவுப் பக்கம் இருக்கட்டும்.

காயும் நேரத்துக்கு டின்னில் போட்டிருப்பது பெரும்பாலும் 20, 25 டிகிரிக்கான கணக்கு. மலையில் அதைப்போல் இரண்டு மடங்கு விடுங்கள். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்குக் காயும்வரை எரு லோடு ஏற்ற வேண்டாம். கன்னை உடனே ஒயிட் ஸ்பிரிட்டால் கழுவி ஊதிவிடுங்கள். துடைத்த துணியை மூடி போட்ட இரும்பு வாளியில் போடுங்கள். மிச்சச் சரக்கை நன்றாக ஆறிய பின்பே இறுக்கி மூடுங்கள்.

மலைக்கு இந்தச் சரக்கை விற்கும் ஹார்ட்வேர் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: எத்தனை டிகிரியில் அடிக்க வேண்டும், எத்தனை டிகிரியில் தீப்பற்றும் என்ற இரண்டு எண்களையும் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எழுதி டின்னில் ஒட்டிக் கொடுங்கள். சரக்கை அனுப்பும் நிறுவனத்திடம் கேட்டால், தீப்பற்றும் எண் பாதுகாப்புத் தாளிலும் அடிக்கும் எண் தொழில்நுட்பத் தாளிலும் இருக்கும்.

இப்படிக்கு,
தோட்ட வாகனப் பட்டறை வாசகர்கள்,
ரிங்லெட், பகாங்.