குடை அக்காவுக்கு மூன்று வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் 'காலமானார்' பகுதியில் போன வாரம் எங்கள் ஊர் அக்கா ஒருவரைப் பற்றி மூன்று வரி வந்திருந்தது. நீண்ட நாள்களாக உடல்நலம் பாதிக்கப்பட்டிருந்த சமூக ஆர்வலர் என்று போட்டிருந்தீர்கள். தப்பு ஒன்றும் இல்லை, போட்டதே பெரிது. ஆனால் படிக்கிறவர்களுக்கு ஏதோ வருஷக்கணக்கில் பாயில் கிடந்து போன மாதிரி தோன்றும், அவர் படுத்ததே கடைசிப் பதினோரு நாள்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்று காலையில் கடை நிரம்பி வழியும், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்றிதழ், பட்டா, காப்பீட்டு அட்டை என்று ஆளுக்கொரு மனுவோடு நிற்பார்கள். அந்த மனுக்களில் பாதி ஒரே கையெழுத்தில் இருக்கும். அக்காவின் கையெழுத்து. பெயர் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள், போட்டாலும் பலருக்குத் தெரியாது, தேவனாம்பட்டினத்திலிருந்து ஓ.டி. என்கிற பழைய ஊர் வரைக்கும் குடை அக்கா என்றால்தான் தெரியும். மார்கழி மாதத்தில்கூட வெயில் ஏறிவிட்டால் குடை இல்லாமல் தெருவில் இறங்க மாட்டார். கறுப்பு ஆம்பளைக் குடை, கம்பி ஒன்று ஒடிந்துபோய் அதை வலை பின்னுகிற நைலான் நூலால் சுற்றிக் கட்டியிருப்பார். மகாராணி வர்றாங்க பாரு என்று ஆரம்பத்தில் கேலி பேசியவர்கள் உண்டு. உச்சி வெயிலில் கூடையோடு உட்கார்ந்து மீன் விற்கிற பெண்கள் இருக்கிற ஊரில் குடை பிடித்து நடந்தால் அப்படித்தான் பேசுவார்கள்.

வெயில் பட்டால் அவருக்குத் தோல் தடித்துச் சிவந்துவிடும், மறுநாள் மூட்டெல்லாம் பிடித்துக்கொள்ளும். நோயின் பெயர் லூபஸ். கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே அடிக்கும், மூட்டு, தோல், சிறுநீரகம் என்று எங்கே வேண்டுமானாலும் அடிக்கும். பத்துப் பேருக்கு வந்தால் அதில் ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் பிள்ளை பெற்று வளர்க்கிற வயதில். அக்காவுக்கு ஆரம்பித்தது 2006-இல். அந்த வருஷம் தமிழ்நாடே சிக்குன்குனியாவில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்தக் கூட்டத்தில் இவரும் ஒருவர் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். மற்றவர்களுக்கு வலி இறங்கிவிட்டது, இவருக்கு இறங்கவில்லை. இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலுமாகப் பட்டாம்பூச்சி இறக்கை விரித்தாற்போல் சிவப்பு வந்த பிறகும் மஞ்சள் பூசு, வேப்பிலை அரைத்துப் போடு என்றுதான் யோசனை சொன்னார்கள். பெயர் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆனது, அதுவும் புதுச்சேரிக்குப் போய். அப்புறம் மாதம் ஒரு தடவை பாண்டி பஸ், அங்கே பஸ் ஸ்டாண்டில் மாறி கோரிமேடு, ஜிப்மரில் பார்த்துவிட்டு வீடு திரும்ப இருட்டிவிடும். இருட்டினால் நல்லதுதான் தம்பி, குடை வேண்டாம் பாரு என்பார்.

காலையில் பத்து மணி வரைக்கும் அவருக்கு விரல் மடங்காது. அதனால் மனுக்களை ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு என் கடையில் உட்கார்ந்து எழுதுவார். பேனாவில் சைக்கிள் டியூபைத் துண்டு போட்டுச் சுற்றித் தடிமனாக்கி வைத்திருப்பார், மெல்லிய பேனா அவர் பிடியில் நிற்காது. கைநாட்டு வைக்கிறவர்கள் யாராவது வந்தால் மனுவை நிறுத்திவிட்டு முதலில் அவர்கள் பெயரை எழுதக் கற்றுக்கொடுப்பார், பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுத்தாலும் சரி.

தானே புயலைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 30 விடிகாலையில் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்து, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து, இங்கே கூரை இருந்த வீட்டுக்குக் கூரை இல்லை. பல நாள் கரண்ட் இல்லாததால் என் மிஷின் துணி போர்த்திக் கிடந்தது. நிவாரணத்துக்கு மனு கொடுக்க வேண்டும், நகலுக்கு வழி இல்லை. அக்கா எங்கிருந்தோ ஒரு பெட்டி கார்பன் தாள் கொண்டுவந்தார். கார்பன் வைத்து மூன்று பிரதி எடுக்க வேண்டுமென்றால் எப்படி அழுத்தி எழுத வேண்டும் என்று பழைய ஆபீஸ்காரர்களைக் கேளுங்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாலு பேருக்கு எழுதுவார், கையை வெந்நீர்ச் சொம்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவார், மறுபடி எழுதுவார். வெந்நீர் எடுத்துக் கொடுத்தது என் மனைவி. எனக்கு அப்போது அவர் என்ன நோய்க்காரர் என்றுகூடச் சரியாகத் தெரியாது.

தெரிந்துகொள்ள நான் முயன்றதும் இல்லை. ஒரு சமயம் முகம் உருண்டு உப்பி வந்தார். என்னக்கா, கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்டீங்க, வீட்டுச் சாப்பாடு ஒத்துக்குது போல என்று கேட்டேன். ஆமா தம்பி, தினம் 40 மில்லிகிராம் சாப்பாடு என்றார் சிரித்துக்கொண்டே. அது ஸ்டெராய்டு மாத்திரையின் வீக்கம் என்று எனக்கு உறைக்கவே இரண்டு மாதம் ஆனது. பார்த்தால் நல்லாத்தானே இருக்கீங்க என்று அவரிடம் சொல்லாத ஆள் இந்த ஊரில் யாரும் இல்லை. பஸ்ஸில் உட்கார இடம் கேட்டாலும் அதுதான் பதில்.

2020 மார்ச்சில் கோபப்பட்டார், நான் பார்த்த ஒரே கோபம். அவர் தினமும் போடுகிற ஹைட்ராக்சிகுளோரோகுயின், மலேரியாவுக்கும் கொடுக்கிற மாத்திரை, கொரோனாவுக்குக் கேட்கும் என்று பேச்சுக் கிளம்பியதும் மருந்துக் கடைகளில் மாயமாகிவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அந்த மாதக் கடைசியில் அரசு உத்தரவு போட்டது, அதற்குள் வாங்கிப் பதுக்கியவர்கள் பதுக்கியாகிவிட்டது. அக்காவிடம் 14 மாத்திரை மிச்சம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட ஆரம்பித்தார். நான் போன் போட்டுத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைக்க, ஆரோக்கியமாக இருக்கிற ஒரு வாடிக்கையாளர் முன்னெச்சரிக்கையாக வாங்கி வைத்திருந்த இரண்டு அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். அக்கா காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, டாக்டரைக் கேக்காம இதை முழுங்கியிருந்தா இதயத் துடிப்பே தாறுமாறாப் போகும் தெரியுமா என்று அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அவர் எழுதிக் கொடுத்த விண்ணப்பங்களுக்குக் கணக்கே இல்லை, அவருக்கு அந்த அட்டை கிடையாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் 21 வகை இருக்கிறது, லூபஸ் அதில் இல்லை. கை கால் கோணிப்போனால் அந்தக் கணக்கில் சதவீதம் போடுவார்கள், காலையில் மடங்காமல் சாயங்காலம் மடங்குகிற விரலுக்கு என்ன சதவீதம்? நீங்களே உங்களுக்காக ஒரு மனு எழுதுங்களேன் அக்கா என்று ஒரு தடவை சொன்னேன். எழுதலாம் தம்பி, ஆனா குறைதீர்க்கும் நாள்ல தீர்க்கற குறையா இது, டில்லியில தீர்க்கணும் என்றார்.

அவர் படத்தைப் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. மே 10 உலக லூபஸ் தினம். அன்றைக்கு ஒரு நல்ல டாக்டரிடம் கேட்டு அரைப் பக்கம் போடுங்கள், அந்தக் கன்னத்துச் சிவப்பு எப்படி இருக்கும் என்று கலரில் போடுங்கள், நூறு நகல் என் செலவில் எடுத்துக் கடை வாசலில் வைக்கிறேன்.

இந்தத் திங்கட்கிழமைக்கு மனு எழுத ஆள் இல்லாமல் நானே நாலு பேருக்கு எழுதினேன். ஒன்றில் அனுப்புநர் இருக்க வேண்டிய இடத்தில் பெறுநரைப் போட்டுவிட்டேன், அந்த அம்மா திரும்பி வந்து, அக்கா எழுதினா இப்படி ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.