கத்தி ஓவியக் கிட்: கூப்பன் வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்

குறைதீர் அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தில் பேலட் கத்தியால் (வண்ணத்தை எடுத்து அப்புகிற தட்டையான கத்தி) அக்ரிலிக் மலர்த் தோட்டம் வரைவதற்கான 'முழு கிட்' என்று 2,499 ரூபாய்க்கு விற்கிறீர்களே, அதை வாங்கியவள் நான். ஆர்டர் எண், பில், போட்டோக்கள் எல்லாம் இந்த மெயிலோடு இணைத்திருக்கிறேன். கஸ்டமர் கேரில் பேசினேன், சாட்டிலும் எழுதினேன். "பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் மேடம்" என்பதைத் தவிர ஒரு பதிலும் வரவில்லை, அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

பெட்டி மேல் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். பிரெஞ்சு ஓவியர் மோனே தன் ஷிவெர்னி ஊர்த் தோட்டத்தை வரைந்த பாணியில் ஊதா ஐரிஸ் பூக்கள், ஒவ்வொரு இதழும் கேன்வாஸை விட்டு எழும்பி நிற்கிறது, வெளிச்சம் பட்டால் அதன் நிழல் பக்கத்து இதழ் மேல் விழுகிறது. 'ஹெவி பாடி அக்ரிலிக்' என்று கொட்டை எழுத்தில் வேறு போட்டிருக்கிறீர்கள். ஹெவி பாடி என்றால் டியூபிலிருந்து பிதுக்கியதும் வெண்ணெய் மாதிரி அப்படியே நிற்க வேண்டும், கத்தி இழுத்த தடம் காய்ந்த பிறகும் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பியது தட்டில் வைத்த உடனே பரவுகிறது. கத்தி நுனியில் எடுத்து கேன்வாஸில் அழுத்தி, லேசாக இழுத்துத் தூக்கினால் ஓரத்தில் ஒரு வரப்பு எழும்ப வேண்டும், அதுதான் இதழின் விளிம்பு. இதில் வரப்பு எழும்புகிறது, நான் கத்தியைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் படுத்துவிடுகிறது. நல்ல அக்ரிலிக்கிலும் தண்ணீர் ஆவியாகும்போது கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும், அது எனக்குத் தெரியும். இது கொஞ்சம் அமுங்குவது அல்ல, காய்ந்ததும் விரலால் தடவினால் சுவரில் அடித்த பெயிண்ட் போல மொழுமொழுவென்று இருக்கிறது. பிரஷ்ஷால் தீட்டியிருந்தாலும் இதைவிட மேடு இருந்திருக்கும்.

இதைச் சொன்னபோது உங்கள் கஸ்டமர் கேர் தம்பி ஒருவர், "அதுக்குத்தானே மாடலிங் பேஸ்ட் கொடுத்திருக்கோம், கலந்துக்கங்க" என்றார். வண்ணத்தைத் தடிமனாக்குகிற பசை அது. சரி, கலந்தேன். பேஸ்ட் வெள்ளையாக இருக்கும், கலந்தால் நிறம் வெளுக்கும், அதை ஈடுகட்ட வண்ணம் கூடுதலாக வேண்டும். தளத்தில் டியூப் ஒன்றுக்கு 20 மில்லி என்று போட்டிருக்கிறீர்கள், வந்ததில் 12 மில்லி என்று அச்சாகி இருக்கிறது. வெள்ளையும் அதே 12 மில்லிதான். கத்தி வேலை செய்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள், எல்லாவற்றையும்விட வெள்ளைதான் முதலில் தீரும், அதனால்தான் அதைப் பெரிய டியூபாக வாங்கி வைப்பார்கள். எனக்கு வானமும் ஓரத்து வெளிச்சமும் முடிவதற்குள் காலி.

உங்கள் கையேட்டில் பேஸ்ட்டை ஒரே தடவையில் அரை அங்குலத் தடிமனுக்கு அப்பச் சொல்லியிருக்கிறது. அப்பினேன், மேல்பக்கம் காய்ந்து உள்ளே ஈரமாக நின்று வாய் பிளந்துவிட்டது. மெல்லிய படலமாகப் போட்டு, காய விட்டு, அதன் மேல் அடுத்தது போட வேண்டும் என்று அச்சடித்திருக்க எவ்வளவு செலவாகும்? அந்தக் கையேட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'அடுத்த நாள் ஈரமாக இருக்கும்போதே இரண்டு நிறங்களையும் இழைக்கவும்' என்று ஒரு பக்கத்தில். 'கத்தியை டர்பன்டைனில் கழுவவும்' என்று இன்னொரு பக்கத்தில். இது எண்ணெய் வண்ணத்துக்கான குறிப்பு ஐயா! மோனே 1883-இல் ஷிவெர்னிக்குக் குடிபோனவர், 1926-இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார், அவ்வளவு காலமும் தீட்டியது எண்ணெய் வண்ணத்தில். தண்ணீரில் கரையும் ஓவிய அக்ரிலிக் கடைக்கு வந்ததே 1950-களில்தான். அக்ரிலிக் தண்ணீரில் கழுவுகிற வண்ணம், அதுவும் மதுரை மே மாத வெயிலில் தட்டிலேயே தோல் கட்டிவிடும், அடுத்த நாள்வரை ஈரமாக இருக்க வழியே இல்லை. யாரோ எழுதிய எண்ணெய் வண்ணக் குறிப்பை எடுத்து 'எண்ணெய்' என்று வருகிற இடத்திலெல்லாம் 'அக்ரிலிக்' என்று மாற்றியிருக்கிறீர்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

நிறங்களுக்கு வருகிறேன், எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம் இதுதான். கிட்டின் படமே ஊதா ஐரிஸ். பன்னிரண்டு டியூபில் ஊதா இல்லை, மெஜந்தாவும் இல்லை. தங்க நிறம் இருக்கிறது, வெள்ளி நிறம் இருக்கிறது, கருப்பு இரண்டு டியூப் இருக்கிறது. நிழலுக்குக் கருப்பைத் தொடுவதைக் கூடியவரை தவிர்த்து நீலமும் ஊதாவும் வைத்த மோனே போன்றவர்களின் பாணி என்று விற்கிற பெட்டியில் எதற்கு இரண்டு கருப்பு? கையேட்டில் 'சிவப்பும் நீலமும் கலந்து ஊதா செய்யவும்' என்று இருக்கிறது. நீங்கள் கொடுத்த சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது. அதில் மஞ்சள் ஒளிந்திருப்பதால் அல்ட்ராமரைன் நீலத்தோடு சேர்ந்தால் கத்திரிக்காய்த் தோல் நிறம்கூட வராது, ஒரு மங்கிய பழுப்புதான் வரும். பளிச்சென்ற ஊதாவுக்கு நீலப் பக்கம் சாய்கிற சிவப்பு வேண்டும், குவினாக்ரிடோன் என்கிற நிறமி வகை. டியூபில் பி.வி.19 என்று நிறமி எண் இருந்தால் கடையில் பார்த்ததும் எடுத்துவிடலாம். உங்கள் டியூப் எதிலும் நிறமி எண்ணே இல்லை, 'ராயல் ரெட்', 'ஓஷன் ப்ளூ' என்று பேர்தான் இருக்கிறது.

கத்தி? தளத்துப் படத்தில் கழுத்து வளைந்த எஃகுக் கத்திகள் ஐந்து. வந்தவை பிளாஸ்டிக், கழுத்தும் நேராக இருக்கிறது. அந்த வளைவு இருந்தால்தான் விரல் முட்டி ஈர வண்ணத்தில் படாமல் வேலை செய்ய முடியும். எஃகுத் தகடு அழுத்தத்துக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும், இது பாதி வளைந்து நிற்கிறது, தண்டு வரைய ஓரத்தைத் திருப்பினால் கோடு பட்டையாக விழுகிறது. கேன்வாஸும் தொய்வு, பின்னால் இறுக்குவதற்கான ஆப்புக் கட்டைகள் இல்லை. பேஸ்ட் கனத்தில் நடுவில் தொங்குகிறது.

"பிகினர்ஸுக்கு இது போதும் மேடம்" என்று உங்கள் ஆள் சொன்னார் பாருங்கள், அது சரியே இல்லை. பழகியவர் மோசமான பொருளைக் கையில் எடுத்த உடனே ஒதுக்கி வைத்துவிடுவார். புதிதாக ஆரம்பிக்கிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். உங்கள் தளத்து ரிவ்யூக்களில் 'எனக்குத்தான் வரலை போல, ஆனா கிட் சூப்பர்' என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். நான் வேறு கடையில் ஹெவி பாடி வெள்ளையும் மெஜந்தாவும் ஒரு எஃகுக் கத்தியும் தனியாக வாங்கி, கத்தியின் ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் வெள்ளை எடுத்து, கலக்காமல் ஒரே இழுப்பில் இழுத்தேன். இதழ் நின்றது. இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியிருக்கிறேன், அதே கைதான்.

பிரித்த பொருள் என்கிற கதை வேண்டாம். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான். அப்படி நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். இந்தத் தொகைக்கு அங்கே கட்டணமும் கிடையாது.

எனக்கு வேண்டியது 2,499 ரூபாய், நான் பணம் கட்டிய அதே கணக்குக்கு. அடுத்த ஆர்டருக்கு 15 சதவீதம் தள்ளுபடி என்று சாட்டில் ஒரு கூப்பன் அனுப்பினீர்கள், அதை ரத்து செய்துகொள்ளுங்கள். பார்சல் எடுக்க எப்போது வேண்டுமானாலும் ஆள் அனுப்பலாம். டியூப், கத்தி, பிளந்த கேன்வாஸ் எல்லாவற்றையும் அதே பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். கத்தியில் வண்ணம் ஒட்டியிருக்கும், அதைக் காட்டி 'பயன்படுத்தியது' என்று கூரியர்காரரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்