சைக்கிளுக்கும் அதே விதியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார், பைக்குக்கு உள்ள விதி அத்தனையும் சைக்கிளுக்கும் வேண்டும், மீறினால் அபராதம் போட வேண்டும் என்று புதுச்சேரி வாசகர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். ஒருவழிப் பாதையில் எதிரே வந்த சைக்கிளுக்காக அவர் திடீரென்று பிரேக் போட வேண்டியிருந்ததாம். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. எங்கள் கடலூரில் அப்படி எதிரே போனவர்களில் நானும் ஒருவன்.

சில வருடங்களுக்கு முன் திருப்பாதிரிப்புலியூரில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, சுற்றிப் போகச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் ஓரமாக மிதித்துவிட்டேன். சந்திலிருந்து இடப்பக்கம் திரும்பிய ஒரு பிளஸ் ஒன் மாணவி, வண்டி எந்தப் பக்கமிருந்து வருமோ அந்த வலப்பக்கத்தைச் சரியாகப் பார்த்துத்தான் வந்தாள். நான் வந்ததோ இடப்பக்கமிருந்து. இருவரும் விழுந்தோம். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அரசு கொடுத்த புது சைக்கிளின் முன்சக்கரம் கோணிப்போனது. தப்பு முழுக்க என்னுடையது. "பரவாயில்லை தாத்தா" என்றாள் வேறு.

ஆகவே விதியே வேண்டாம் என்று வாதாட நான் வரவில்லை. 'அதே விதி' என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் ஒரு மோட்டார் வாகனமே அல்ல. அதற்கு உரிமமும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால் ஒரு சின்னக் கணக்கு. ஆளோடு சேர்த்து 80 கிலோ சைக்கிள் 15 கி.மீ. வேகத்தில் வருகிறது. 1200 கிலோ கார் 45 கி.மீ. வேகத்தில் வருகிறது. எடை 15 மடங்கு. வேகம் 3 மடங்கு, அதன் வர்க்கம் 9. காரின் இயக்க ஆற்றல் 135 மடங்கு. இரண்டுக்கும் ஒரே அபராதம் என்றால் எப்படி?

புதுச்சேரிக்காரருக்கு பிரான்ஸ் உதாரணம் சொன்னால் எடுபடும் என்று நினைக்கிறேன். அங்கே 30 கி.மீ. வேக வரம்புள்ள பகுதிகளில், ஒருவழித் தெருவாக இருந்தாலும் சைக்கிள் எதிர்த்திசையில் போவதைப் பொதுவாக அனுமதிக்கிறார்கள். வேண்டாத தெருவுக்கு மட்டும் விலக்கு. பாரிஸில் சில சிக்னல்களில் ஒரு சிறிய முக்கோணப் பலகை இருக்கும்; சிவப்பு எரிந்தாலும், மற்றவர்களுக்கு வழி விட்டு சைக்கிள் வலப்பக்கம் திரும்பலாம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் இதுபோன்ற சலுகையை 1982லேயே கொடுத்துவிட்டது.

நம் ஊரில் 'இடது ஓரமாகப் போ' என்பது விதி. ஓரம் எங்கே இருக்கிறது? லாரன்ஸ் ரோட்டில் ஒரு மாலை நேரம் மிதித்துப் பாருங்கள். நிறுத்திய கார், ஆள் ஏற்றும் ஷேர் ஆட்டோ, தள்ளுவண்டி, அதையும் தாண்டினால் மணல். பின்னால் பார்க்காமல் கார்க் கதவைத் திறப்பவரும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறார். நடுவே வந்தால் பஸ்காரர் ஹாரன் அடித்தே விரட்டுகிறார். முதல் அபராதம் யாருக்கு என்று நண்பரே சொல்லட்டும்.

விளக்கு விஷயத்தில் மட்டும் நான் பழைய ஆள். எங்கள் சின்ன வயதில் டைனமோ எரியவில்லை என்றாலோ, டபுள்ஸ் போனாலோ, போலீஸ்காரர் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டுத்தான் அனுப்புவார். இன்று ராத்திரியில் விளக்கும் இல்லாமல், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் இல்லாமல் எத்தனை சைக்கிள்கள்! அதைக் கண்டிப்பாகப் பிடிக்கட்டும். பெரிய சாலையில் எதிரே வருவதையும், நாற்சந்தியில் சிவப்பைத் தாண்டி நேரே போவதையும் பிடிக்கட்டும். புதுச்சேரி கடற்கரைக்கு அருகே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அமைதியான தெருக்களில் மட்டும், கார்களின் வேகத்தைக் குறைத்துவிட்டு, சைக்கிளை இரு திசையிலும் விட்டுப் பார்க்கலாம்.

அப்புறம், அன்று அந்தப் பெண்ணின் சக்கரத்துக்குப் பெண்டு எடுத்த கூலியை நான்தான் கொடுத்தேன். அபராதம் கேட்ட நண்பருக்கு இதையும் தெரிவித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.