தராசில் உறங்கிய ஒரு கிலோ

அன்புள்ள மாப்பிள்ளை,

ஸ்தோத்திரம். உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. வாட்ஸப்பில் ஒரு 'காலை வணக்கம்' படத்தோடு முடித்துக்கொள்ளாமல் நாலு பக்கம் கையால் எழுதியிருக்கிறாய். வாசித்துவிட்டு என் வீட்டுக்காரி, "அண்ணன் மனசு ரொம்ப நொந்துபோய் எழுதியிருக்காவ, உடனே பதில் போடுங்க" என்றாள். உடனே போட முடியவில்லை. நீ கேட்டிருந்த கேள்வி அப்படி.

முதலில் ஊர்ச் செய்தி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் போன வாய்க்கால் கரையை ஒருவழியாகக் கட்டிவிட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய அந்த மழையை இன்னும் டீக்கடையில் பேசாத நாள் இல்லை. வாழை போனது, நெல் போனது, என் தம்பி வீட்டு மாடு இரண்டும் போயின. செம்மணல் தேரிப் பக்கம் பனைகள் மட்டும் ஒன்றுமே நடக்காதது மாதிரி நிற்கின்றன. ஆனால் ஏற ஆள் இல்லை. நாம் சின்னப் பையன்களாக இருந்தபோது மாசியிலிருந்தே எந்தப் பக்கம் திரும்பினாலும் பதநீர் காய்ச்சும் விடிலிக் குடிசைகளின் புகை தெரியும். இப்போது மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடி கோபுரம்தான் தெரிகிறது, புகையைக் காணோம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "நீதிமான் பனையைப்போல் செழித்து" என்று ஹாஸ்டலில் வார்டனுக்குப் பயந்து பைபிளின் 92ஆம் சங்கீதத்தை மனப்பாடம் செய்தோமே, எங்கேடா செழித்தேன் என்று கேட்டிருக்கிறாய். கையெழுத்துப் போட மறுத்ததற்காக ஏழு தடவை உன்னை மாற்றினார்கள். போட்டவன் மூன்று வீடு கட்டினான், அவன் பிள்ளைகள் வெளிநாட்டில். உன் பையனுக்கோ போன வருஷம் வேலை போய்விட்டது. இதற்கு என்னிடம் மழுப்பலான பதில் எதுவும் இல்லை. டிவியில் கோட் போட்டுக்கொண்டு, காணிக்கை அனுப்பினால் நூறத்தனையாய் வரும் என்கிறவர்கள் சொல்லும் பதிலை நான் சொன்னால் நீ என்னை ஊர் எல்லையில் வைத்தே உதைப்பாய்.

அந்த வசனத்தில் வரும் பனை நம்ம பனை இல்லை, தெரியுமா? எபிரெயுவில் 'தாமார்', அதாவது பேரீச்சை என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் சொன்னார். தமிழில் பனை என்று வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். கொட்டை முளைத்துப் பாளை விட 12, 15 வருஷம் ஆகும். அதன் பிறகும் பாளையைச் சீவினால்தான் பதநீர். ஐயர் இதை வைத்தே மூன்று பிரசங்கம் செய்துவிட்டார், நான் நாலாவது செய்யப்போவதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. உன்னிடம் இதுவரை சொல்லாதது.

நீ கடிதத்தில் "உன்னையும் என்னையும் போல நேர்மையாய் இருந்தவர்கள்" என்று எழுதியிருந்தாய். அந்த 'உன்னையும்' என்ற இடத்தில் என்னால் அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

நான் கருப்பட்டி எடை போடும் கிளார்க்காக இருந்தேன் அல்லவா, அப்போது நடந்தது. சீசனில் வாரம் ஒரு நாள் பனையேறிகள் கொண்டுவருவார்கள். எடைக்கு ஒரு கிலோ ஈரக் கழிவு என்று குறைத்து எழுதச் சொன்னார் மேலே இருந்தவர். கருப்பட்டி நன்றாகக் காய்ந்துதான் இருக்கும், ஈரமாவது கழிவாவது. எழுதினேன். எனக்கு அதில் பங்கு கிடையாது என்று பல வருஷம் மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரு கவர் வரும். அது போனஸ் என்று நினைத்துக்கொண்டேன், நினைக்க ஆசைப்பட்டேன் என்று சொல்வதுதான் சரி. மூன்று சீசன் இப்படி.

ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து நாளில் ஆதியாகமம் 15 வாசித்துக்கொண்டிருந்தேன். ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான், "அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்." எத்தனையோ தடவை கேட்ட வசனம். அன்றைக்கு 'எண்ணினார்' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். அது கணக்குப்பிள்ளையின் சொல், மாப்பிள்ளை. இவன் பேரில் வரவு வைத்தார் என்று அர்த்தம். பவுல் ரோமருக்கு எழுதும்போது இதே வசனத்தை எடுத்துக்கொண்டு கூலி, கடன் என்றுதான் பேசுகிறார். வேலை செய்கிறவனுக்கு வருவது கூலி, அதைக் கிருபை என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்கிறார். நீயும் நானும் இத்தனை வருஷம் கூலி ரிஜிஸ்டரைத்தான் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். உனக்குக் கூலி வரவில்லை என்று கோபம். எனக்கோ, ரிஜிஸ்டரை யாராவது திறந்து பார்த்துவிடுவார்களோ என்று பயம்.

என் பழைய நோட்டு ஒன்று பரணில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். சீசனுக்கு 14 வாரம், மூன்று சீசனுக்கு ஒரு குடும்பத்துக்கு 42 கிலோ. பைபிளில் அந்த வரி வசூலிக்கிற சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றானே, அந்தக் கணக்குக்கு 168 கிலோ. கிலோ 300 ரூபாய் என்று வைத்தால் 50,400. இது ஒரு வீட்டுக்கு. அந்த நோட்டில் 31 பேர் இருக்கிறார்கள். பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேரின் பிள்ளைகள் திருப்பூர், சென்னை, பம்பாய் என்று போய்விட்டார்கள். என் பென்ஷனை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை இந்த ஜென்மத்தில் நேராக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், முடியாது என்று தெரிந்த அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. என் கணக்கைக் காட்டிக் கர்த்தர் முன்னால் நிற்க வேண்டியதில்லை, அவர் எண்ணுவதை நம்பி நிற்கலாம் என்று பட்டது. அதற்காகச் சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. அதுவரை பயத்தில் போகாத வீட்டுக்கு இப்போது போகலாம் போல இருந்தது. ஏன் என்று என்னால் சரியாக விளக்க முடியவில்லை.

ஊரிலேயே இருக்கும் ஒரு அக்கா வீட்டுக்கு முதலில் போனேன். அவர் வீட்டுக்காரர் பனையேறி, இறந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. திண்ணையில் உட்கார்ந்து நார்ப்பெட்டி முடைந்துகொண்டிருந்தார். நார் ஈரம் காயாமல் இருக்க ஒரு நனைந்த சாக்கு மூடியிருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"தெரியுமே தம்பி" என்றார். "உங்க தராசுல ஒரு கிலோ உறங்கும்னு அவிய அன்னைக்கே சொல்லுவாவ."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அந்த மனிதர் ஒவ்வொரு மாதமும் திருவிருந்துக்கு எனக்கு முன்னாலோ பின்னாலோ முழங்கால் போட்டவர். கோயில் வாசலில் என்னைப் பார்த்தால் சிரித்துக்கொண்டே, "கிளார்க்கையா, சாப்பாடு ஆச்சா?" என்பார்.

"தெரிஞ்சும் எப்படிக்கா என்கிட்ட பேசுனாரு?"

"பேசாம? ஒரே கோயில்தானே. அவிய உங்களுக்காக ஜெபம் பண்ணுவாவ. பொறவு உங்களைத் திட்டவும் செய்வாவ" என்றார்.

மன்னித்தேன் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. நான் கொடுத்த பணத்தை வாங்கி இரண்டு முறை எண்ணினார். அதில் 3,000 ரூபாயைத் தனியாக எடுத்து என்னிடமே நீட்டினார். கோயிலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் இந்த வருஷ அசனத்துக்கு அவர் வீட்டுக்காரர் பேரில் எழுத வேண்டுமாம். நான்தானே சபைப் பொருளாளர். ரசீதுப் புத்தகம் என் பையிலேயே இருந்தது. 3,000 என்று எண்ணில் எழுதிக் கிழிக்கப் போனேன்.

"எழுத்தாலயும் எழுதுங்க தம்பி" என்றார்.

எழுதினேன். பேரனைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் இடுப்பில் செருகிக்கொண்டார்.

இன்னும் 30 பேர் நோட்டில் இருக்கிறார்கள். திருப்பூரில் இருக்கும் ஒருவருடைய மகனின் நம்பர் கிடைத்திருக்கிறது, இன்னும் போன் செய்யவில்லை. உன் பையனுக்காக நானும் வீட்டுக்காரியும் காலை ஜெபத்தில் தினமும் பேர் சொல்லி வேண்டுகிறோம். அவன் பயோடேட்டாவை அனுப்பு, என் மருமகன் கம்பெனியில் கேட்டுப் பார்க்கிறேன். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு அசனத்துக்கு வா. அந்த அக்கா வீட்டுக்குப் போய்ப் பதநீர் குடிக்கலாம், அவர் தம்பி இன்னும் ஏறுகிறார். உனக்கும் சுகர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஒரே ஒரு ஓலைப் பட்டையோடு நிறுத்திக்கொள்வோம்.

இப்படிக்கு,
உன் பழைய ஹாஸ்டல் கூட்டாளி