கீழே இறங்கி வந்து ஒருமுறை பாருங்கள்

வாகனங்களைப் பதிவுசெய்யவும் பரிசோதிக்கவும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது, ஆகவே கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. அப்பாவின் பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர், கையால் பிடிக்கும்படி நான் வீட்டில் மாற்றிச் செய்த பிரேக், கொழும்பு ஆமர் வீதியில் பொலிஸார் மறித்து அனுமதி எடுத்து வரச் சொன்னது, எல்லாம் உங்களுக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை நான்காவது தடவையும் வெறுங்கையோடு திரும்பினோம். அதனால்தான் இந்த மடலை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். கீழே இறங்கி வந்து ஸ்கூட்டரைப் பாருங்கள்.

நான்கு தடவையும் அது உங்கள் வளவில், மரத்தடியில்தான் நின்றது. ஓட்டி வரக்கூடாது என்று சொன்னதால் ஒவ்வொரு முறையும் பட்டா என்ற சின்ன லொறி பிடித்து, 4,500 ரூபாய் கொடுத்து, கொட்டாஞ்சேனையிலிருந்து ஏற்றி வந்தோம். ஒருவர்கூட அந்த பிரேக் லீவரைத் தொட்டுப் பார்க்கவில்லை. கவுண்டரில் கேட்ட கேள்வி இதுதான்: "இந்தப் பாகத்தைச் செய்த கம்பனியின் கடிதம் எங்கே?" செய்தது நான் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார், பிறகு "அப்படியென்றால் கடிதம் இல்லையா?" என்று கேட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

கடிதம் இல்லை. பாகம் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்கிறேன், நீங்கள் வந்து பார்க்கும்போது உதவியாக இருக்கும்.

சேத்தக்கில் பின் பிரேக் வலது கால் மிதியில் இருக்கிறது. சீனி வருத்தத்தால் அப்பாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. இப்போது ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் போட்டிருக்கிறார். நடப்பார், கடைக்குப் போவார், கோயிலுக்குப் போவார், ஆனால் அந்தப் பாதத்துக்கு மிதி தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்ற உணர்வே இல்லாமல் பிரேக் பிடிப்பது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் மிதியைக் கழற்றிவிட்டு, வலது கை லீவரிலேயே முன், பின் இரண்டையும் கொண்டுவந்தேன். எட்டு மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் ஒரு பலன்சர், அதாவது லீவரின் இழுவையை இரண்டு பிரேக் கேபிள்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும் துண்டு. வாளால் வெட்டி, மூன்று இரவுகள் அரத்தால் ராவி, நடுவில் பித்தளை புஷ் போட்டேன். புஷ்ஷை மட்டும் பஞ்சிகாவத்தையில் லேத்தில் கடைந்து எடுத்தேன். ஒரு கேபிள் அறுந்தால் பலன்சர் ஒரு பக்கமாகச் சாய்ந்து மற்ற கேபிளையும் தளர்த்திவிடும் என்ற பயம் இருந்தது. அதற்காக இரண்டு பக்கமும் தடை ஆணி வைத்திருக்கிறேன், எது அறுந்தாலும் மற்றது பிடிக்கும். செயற்கைப் பாதம் வழுக்காமல் இருக்க மிதிபலகையில் ஒரு விளிம்பு, ஊன்றுகோலுக்கு ஒரு குழாய், துருப்பிடித்து ஓட்டையான மட்கார்டுக்குப் பதிலாகக் கையால் தட்டி எடுத்த அலுமினியத் தகடு, எல்லாம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் செய்தவை.

சோதித்தும் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒரு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மணிக்கு 30 கிலோமீற்றரில் வந்து, கோட்டில் பிடித்தால் ஏழு மீற்றருக்குள் நிற்கிறது. முன் கேபிளைக் கழற்றிவிட்டுப் பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் 13 மீற்றர். டேப் பிடித்து அளந்து கொப்பியில் எழுதியிருக்கிறேன். அந்தக் கொப்பியையும் கவுண்டரில் நீட்டினேன், திறந்து பார்க்கவில்லை.

இது நான் கண்டுபிடித்த புதுமையும் இல்லை. இன்று வீதியில் ஓடும் ஓட்டோமெட்டிக் ஸ்கூட்டர்களில் இரண்டு பிரேக்கும் கையில்தான் இருக்கின்றன. ஒரு லீவரைப் பிடித்தால் முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும் கொம்பி பிரேக்கை ஹொண்டா கம்பனியே போட்டு விற்கிறது. இந்தியாவில் 125 சிசிக்கு உட்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து அது கட்டாயமாக்கப்பட்டது. "அப்ப புதுசு ஒன்று வாங்குங்களேன்" என்று உங்கள் அலுவலர் ஒருவர் சொன்னார். 2020 மார்ச்சிலிருந்து 2025 ஆரம்பம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்த நாட்டில், இப்போது ஸ்கூட்டர் விற்கும் விலையில், ஓய்வு பெற்ற ஒருவரிடம் அதைச் சொல்வது நியாயமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றச் சொன்னபோது, சரி என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. கண்ணைக் குத்தும் லைட்டும் காதைப் பிளக்கும் ஹோனும் வேண்டாம்தான். ஆனால் அலங்காரத்துக்குப் பூட்டியதும், ஒரு மனிதன் பாதுகாப்பாக நிற்பதற்குப் பூட்டியதும் ஒன்றா? நேரில் பார்க்காமல் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவீர்கள்?

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லாமல் விடமுடியவில்லை. லிப்ட் வேலை செய்யவில்லை. கவுண்டர் இரண்டாம் மாடியில். அப்பா ஏறினார், ஃபோட்டோக் கொப்பி எடுக்க இறங்கினார், மறுபடி ஏறினார், கையொப்பமிட வேண்டியவர் இன்னொரு கட்டடத்தில் என்றார்கள், இறங்கினார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து காலைக் கழற்றியபோது உள்ளே போடும் சாக்ஸ் தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வெட்டிய கால் முனையில் ஐந்து சதக் குற்றி அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. சீனி வருத்தக்காரருக்கு அப்படி ஒரு காயம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா வெந்நீர் வைக்கப் போனவர் அடுப்படியிலிருந்து வெகுநேரம் வரவில்லை.

அப்பா இரண்டு மாடி ஏறி உங்களிடம் வந்தார். நீங்கள் இரண்டு மாடி இறங்கி வரவில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 1996 இல் 28 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும் என்று 2006 இல் ஒழுங்குவிதிகளும் வந்தன. தமிழும் ஓர் அரச மொழி என்று 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் சொன்னது. எங்களுக்குத் தந்த நிராகரிப்புக் கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது, அதை வாசித்துச் சொன்னவர் வரிசையில் நின்ற ஒரு லொறிச் சாரதி, அவருக்குப் புண்ணியம் கிடைக்கட்டும். எத்தனை சட்டம் வந்தாலும் ஒரு மனிதன் கதிரையிலிருந்து எழும்பாவிட்டால்...

மன்னிக்கவும். சண்டை பிடிக்க நான் எழுதவில்லை. உங்களில் பலர் காலை முதல் மாலை வரை நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பதில் சொல்கிறீர்கள், அதையும் நான் கண்ணால் பார்த்தேன்.

தயவுசெய்து ஒரு பரிசோதகரை அனுப்புங்கள், அல்லது ஒரு நாள் குறித்துத் தாருங்கள், நாங்களே கொண்டு வருகிறோம். அவர் ஓட்டிப் பார்க்கட்டும், கேபிளைக் கழற்றிப் பார்க்கட்டும், ஆணியைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கட்டும். பிழை இருந்தால் எழுத்தில், தமிழில் தாருங்கள், திருத்திக்கொண்டு வருகிறேன். பிழை இல்லையென்றால் பதிவுப் புத்தகத்தில் மாற்றத்தைக் குறித்துவிடுங்கள். அப்பாவின் மருத்துவச் சான்றிதழும் சாரதி அனுமதிப்பத்திரமும் கோப்பில் இருக்கின்றன.

அடுத்த முறை அப்பாவை மாடிக்கு ஏற்ற மாட்டேன். அவர் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில், மரத்தடியில் இருப்பார். நான் மட்டும் மேலே வந்து உங்களைக் கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மகள்